சத்தம் எனக்கு, புகை அவருக்கு

லோடு ஏற்றிய டிரெய்லரைவிடக் காலி டிரெய்லர்தான் அதிகம் சத்தம் போடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வருஷக்கணக்காகப் படுத்துக்கொண்டே கற்றது. மேலே கன்டெய்னர் இருந்தால் அந்தக் கனம் எல்லாவற்றையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாலத்து ஜாயின்ட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது 'தொம்' என்று ஒன்று, அதோடு சரி. கன்டெய்னரை இறக்கிவிட்டு வெறும் சட்டமாகத் திரும்புகிற வண்டி அப்படியில்லை. கொக்கி, சங்கிலி என்று அதில் ஆடக்கூடியதெல்லாம் ஆடும். 'தடக், தடக், தடக், ஜல்ல்ல்' என்று, பாத்திரக்கடைப் பரண் சரிந்த மாதிரி. இரண்டே காலுக்கு ஒன்று வரும். இரண்டரைக்குள் இன்னும் நாலைந்து வந்துவிடும்.

எங்கள் வீடு நொளம்பூரில். சென்னை பைபாஸிலிருந்து எங்கள் மேற்கு ஜன்னல்வரை தொண்ணூறு மீட்டர், மகன் மேப்பில் அளந்து சொன்னான். மொட்டை மாடியில் நின்றால் கூவத்தைத் தாண்டும் பாலம் தெரியும். பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோட்டில் தொடங்கி, மதுரவாயலில் பெங்களூரு ரோடு, அம்பத்தூர் பக்கம் திருவள்ளூர் ரோடு, புழலில் கொல்கத்தா ரோடு என்று நான்கையும் கோத்துக்கொண்டு போகிற 32 கிலோமீட்டர் சாலை. தெற்கிலிருந்து ஆந்திராவுக்குப் போகிற லாரி, ஒரகடத்திலிருந்து எண்ணூர் துறைமுகத்துக்குப் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீளவண்டி, எல்லாம் எங்கள் தலைமாட்டில்தான் போகும். நகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் மற்றவர்கள் விளக்கை அணைக்கிற நேரத்தில்தான் எங்களுக்குக் கடை திறக்கும்.

காது விஷயத்தில் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காதுதான் எனக்குச் சோறு போட்டது. 1987-ல், வெளியூர் போன் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கரகரப்புக்கு நடுவே எதிர்முனை ஊர்ப் பெயர் சேலமா சேரனா என்று பிரித்துக் கேட்கிற வேலை. வெளியூருக்கு நாமே நேராக எண் போட்டுப் பேசுகிற எஸ்டிடி வந்து ட்ரங்க் கால் செத்தபிறகு 198-க்கு மாற்றினார்கள். உங்களில் வயதானவர்களுக்கு அந்த எண் நினைவிருக்கும், போன் வேலை செய்யவில்லை என்றால் கூப்பிடுகிற எண். பல வருஷம் அடுத்தவர் புகாரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லிலிருந்து நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருத்தி.

வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம். தகடு வெட்டுகிற சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது பாதி போய்விட்டது. காது மிஷினை ராத்திரி கழற்றி டப்பாவில் வைத்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை பைபாஸே கிடையாது. படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை. நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "பழகிடும்மா, இன்னும் ஏன் இதையே நெனச்சிட்டிருக்க" என்பார்.

ஆனால் அவருக்கு வீசிங். எனக்கு அது இல்லை. பாகப்பிரிவினை மாதிரி பைபாஸை நாங்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். சத்தம் எனக்கு, புகை அவருக்கு.

நியாயமாகச் சொல்வதென்றால், எங்களை ஏமாற்றி யாரும் இங்கே கொண்டுவந்து விடவில்லை. 98-ல் மனை வாங்கும்போதே பைபாஸ் வரப்போகிறது என்று தெரியும். கிரவுண்டு என்ன விலைக்கு வாங்கினோம் என்று சொன்னால் வயிற்றெரிச்சல் படுவீர்கள், அதனால் சொல்லவில்லை. "ரோடு மட்டும் வரட்டும் மேடம், ரேட் எங்கேயோ போயிடும்" என்றார் புரோக்கர். போகத்தான் செய்தது. 2010 வாக்கில் எங்கள் பக்கத்துச் சாலை திறந்தபோது, ராத்திரி சாப்பாடு முடிந்து மொட்டை மாடிக்குப் போய் விளக்கு வரிசையை வேடிக்கை பார்த்திருக்கிறோம். ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறோம், ஏதோ நாங்களே போட்ட ரோடு மாதிரி. இன்றைக்கும் மகன் ஒரகடத்துக்கு வேலைக்குப் போவது இதே பைபாஸில்தான். ரோடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது வேறு. 'பழகிடும்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாரும் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான்.

பழகியது எவ்வளவு தூரத்துக்கு என்பது எனக்கே 2020 மார்ச்சில்தான் தெரிந்தது. ஊரடங்கு தொடங்கி மூன்றாவது நாளோ நான்காவது நாளோ. பைபாஸ் முழுக்க நின்றுவிடவில்லை, சரக்கு வண்டி ஒன்றிரண்டு போய்க்கொண்டுதான் இருந்தது. காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அவர், "பேப்பர் வரலையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க இப்படிக் கத்துறீங்க?" என்றேன். "நான் எங்க கத்தினேன், நீதான் கத்துற" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பத்து வருஷமாக ஒருவரையொருவர் கூப்பாடு போட்டே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அவர் காது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். நான் ஏன் கத்தினேன்? எதிர்வீட்டு அக்காவும்தானே அவர் வாசலிலிருந்து எங்கள் வாசலுக்குக் கத்தித்தான் பேசுவார். இந்தத் தெருவுக்கே குரல் ஏறியிருந்தது.

அந்தச் சில வாரம் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது கீழே அடுப்படியில் கேட்டது. மூன்று வீடு தள்ளி யாரோ தும்மியது கேட்டது (அந்தச் சமயத்தில் தும்மல் கேட்டால் தெருவே ஜன்னலைச் சாத்தியது, அது வேறு கதை). ராத்திரி அம்பத்தூர் பக்கம் சரக்கு ரயில் ஊதுவது கேட்டது. இந்த வீட்டிலிருந்து ரயில் கேட்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

அப்புறம் ஜூன் வாக்கில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அதற்குமேல்தான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அதுவரை பழகியிருந்தது உண்மை. பழகியது கழன்றுவிட்டது.

போனில் சத்தம் அளக்கிற செயலி ஒன்றை மகன் போட்டுக் கொடுத்தான். டெசிபல் எனக்குப் புதிது இல்லை. வேலையில் சேர்ந்தபோது நடந்த பயிற்சியில் ஒரு பொறியாளர் வந்து பாடம் எடுத்தார். குரல் கம்பியில் போகப் போகத் தேயும், அந்தத் தேய்மானத்தை அளக்கத்தான் 1920-களில் பெல் கம்பெனிக்காரர்கள் இந்த அலகை உண்டாக்கினார்கள், அதில் இருப்பது அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர் என்றார். அவர் சொன்னதில் ஒன்று நன்றாகப் பதிந்துவிட்டது. 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. கடைக்கணக்கு மாதிரி கூட்டிக்கொண்டு போக முடியாது.

இது தெரிந்தால் பைபாஸைப் பற்றிப் பல விஷயம் விளங்கும். வண்டிகளில் பாதியை நிறுத்திவிட்டாலும் மீட்டரில் 3தான் குறையும். ரோடு ஒரு புள்ளி இல்லை, நீளக்கோடு. தூரம் இரண்டு மடங்கானாலும் அதே 3தான் பெரும்பாலும் குறையும், தரை மெத்தென்று புல்லாக இருந்தால் கொஞ்சம் கூடக் குறையலாம். ஆகவே பின்தெருவில் இருப்பவர், "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கேக்கறதில்ல" என்றால் நான் சிரித்துக்கொள்வேன். கார் கொஞ்சம் வேகம் எடுத்தால் இன்ஜின் சத்தத்தைவிட டயர் தரையில் உரசுகிற சத்தம்தான் மேலோங்கும் என்பதும் பிறகு தெரிந்துகொண்டது. நாளைக்கே எல்லாரும் எலெக்ட்ரிக் கார் வாங்கினாலும் பைபாஸ் ஓரத்தில் இரைச்சல் இருக்கும்.

பத்து நாள் ராத்திரி, பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை போனை மேற்கு ஜன்னலில் வைத்து எடுத்தேன். சராசரி 61, 62, ஒருநாள் 64. டிரெய்லர் தாண்டும்போது 75-ஐத் தொட்டு இறங்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45. போன் செயலியை எந்த அலுவலகமும் நம்பாது, நம்பவும் கூடாது, அது நாலைந்து புள்ளி முன்னே பின்னே காட்டும். ஆனால் 45-க்கும் 62-க்கும் இருக்கிற இடைவெளி போனின் பிழைக்குள் அடங்குவது இல்லை. பொறியாளர் கணக்குப்படி 17 டெசிபல் என்றால் ஐம்பது மடங்கு.

2018-ல் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கென்று ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. சாலைச் சத்தத்துக்கு அதில் போட்டிருக்கும் இரவு வரம்பும் 45தான். காகிதத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை! காற்றில் அப்படியில்லை. பிஎம் 2.5 என்கிற நுண்துகளுக்கு அவர்கள் 2021-ல் சொன்ன வருடாந்தர அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம். 2009-ல் வந்த நம் தரம் 40. எட்டு மடங்கு. எங்கள் வீட்டுக்காரர் பங்கு அது.

தூங்குகிறவருக்குக் கண் மூடும், காது மூடாது. விழிப்பு வராவிட்டாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு உள்ளே திடுக்கிடும். நெஞ்சுத் துடிப்பு ஏறி இறங்கும். நாள்பட்ட சாலைச் சத்தத்தை இதய நோயோடு சேர்த்துத்தான் அந்த வழிகாட்டுதலே பேசுகிறது. காலையில் எழுந்து "நல்லா தூங்கினேன்" என்று சொல்கிறவருக்கும் இது நடக்கும். மனசுக்குப் பழகுவது வேறு, உடம்புக்குப் பழகுவது வேறு போல. எனக்குப் பிரஷர் மாத்திரை 2014-லிருந்து. பைபாஸ்தான் காரணம் என்று பழி போட மாட்டேன், என் அம்மாவுக்கும் இருந்தது.

சரி, புகைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் புகைக்கு மீட்டர் கொசுவலைதான். மேற்கு ஜன்னலிலும் கிழக்கு ஜன்னலிலும் ஒரே நாளில் அடித்த ஒரே வலை. பழைய வேட்டித் துண்டை நனைத்துக் கிழக்கு வலையைத் துடைத்தால் பழுப்பு வரும், தெருமண் நிறம். உதறினாலே பாதி போய்விடும். மேற்கு வலையைத் துடைத்தால் கறுப்பு. விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் கண்மை மாதிரி இழுக்கும், வெறும் தண்ணீரில் போகாது, சோப்பு வேண்டும். ரேகைக்குள் புகுந்துகொண்டு சாயங்காலம்வரை இருக்கும். கிழக்கு வலையை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். மேற்கு வலை ஐந்தாவது நாளே அடைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் பார்த்தால் கட்டம் கட்டமாக இருக்கவேண்டியது ஒரே சாம்பல் துணியாகத் தெரியும்.

அந்தக் கறுப்பில் டீசல் கரி மட்டும் இல்லை. தேய்ந்த டயர் ரப்பர், பிரேக் கட்டை உதிர்த்த துகள், தார் எல்லாம் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்கிற வண்டிப்புகை விதி வந்துவிட்டது, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்துவிட்டது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முன்னால் வாங்கிய லாரியை யாரும் காயலான் கடைக்கு அனுப்பிவிடவில்லையே. கண்ணுக்குத் தெரிகிற கறுப்பைவிடத் தெரியாததுதான் அவருக்கு எதிரி. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் வலையில் எங்கே நிற்கும்? சாலையோரத்தில்தான் அதிகம், முந்நூறு மீட்டர் தள்ளிப் போனால் மிக நுண்ணிய துகள்கள் ஊரின் பொது அளவுக்கு இறங்கிவிடும் என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் இருநூற்றுப் பத்து மீட்டர் பாக்கி.

காற்றடிக்கிற திசையைப் பார்த்தே அவருக்கு இன்றைக்கு மூச்சுப் பம்பு தேவைப்படுமா என்று சொல்லிவிடுவேன். பைபாஸுக்குக் கிழக்கே எங்கள் வீடு. கோடையில் மத்தியானத்துக்குமேல் கடல்காற்று வந்துவிட்டால் புகை திருவேற்காடு பக்கம் போய்விடும் (அங்கே இருப்பவர்கள் மன்னிக்கவும்). ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், எங்களுக்குப் பைபாஸே பறந்து வரும், மேற்கிலிருந்து நேராக. மார்கழியில் காற்றே இருக்காது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகொள்ள, மேலே மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். புகையும் மேலே போகாது, சத்தமும் மேலே போகாமல் வளைந்து வீட்டுக்கே வரும். அந்த மாதம் மட்டும் நாங்கள் இரண்டு பேருமே சமமாக அவதிப்படுவோம். வாசலில் ஐந்து மணிக்குக் கோலம் போட்டுவிட்டு எழுந்தால் அதன்மேல் லேசாக மங்கல் படிய ஆரம்பித்திருக்கும். வடகம் பிழிவதை மொட்டை மாடியில் எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. திருநின்றவூரில் தங்கை வீட்டுக்குக் கூழைத் தூக்கிக்கொண்டு போகிறேன், பஸ்ஸில்.

வீசிங் தொடங்கியது 2016-ல். டாக்டர் முதலில் கேட்டது பீடி சிகரெட் உண்டா என்று. இவர் வெற்றிலைகூடப் போடாதவர். பிரஸ் ஷாப் எண்ணெய்ப் புகையா, பைபாஸா, வயதா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர், நேர்மையான மனிதர். "ஜன்னலை சாத்தி வைங்க" என்றார்.

ஜன்னலைச் சாத்துவதுதான் எல்லாரும் சொல்கிற வைத்தியம். சாத்தினால் சத்தமும் குறையும், புகையும் குறையும், உண்மை. சித்திரை மாதத்தில் நொளம்பூரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்க்கட்டும். ஏசி போடவேண்டும், கரண்ட் பில் கட்டவேண்டும். இரட்டைக் கண்ணாடி யுபிவிசி ஜன்னலுக்கு விலை கேட்டோம், இரண்டு அறைக்கு அவர்கள் சொன்ன தொகையில் எங்கள் கல்யாணத்தை நாலு தடவை நடத்தியிருக்கலாம். ஒரு அறைக்கு மட்டும் போட்டோம். கடைசியில் பெரிய உதவியாக இருந்தது, சாமான் போட்டு வைத்திருந்த கிழக்கு அறையை ஒழித்துக் கட்டிலை அங்கே மாற்றியதுதான். செலவு, கட்டிலைத் தூக்கிய இரண்டு பையன்களுக்கு டீ, பஜ்ஜி. நடுவில் ஒரு சுவர், ஒரு கூடம் வந்தது. செயலியில் பத்துக்குமேல் குறைந்தது. ஏன் பத்து வருஷமாக இது தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். காற்றோட்டமான மேற்கு அறைதான் படுக்கையறை என்று கட்டும்போதே பிளானில் எழுதியாகிவிட்டது. வீட்டில் பிளான்தான் கடவுள்.

சுற்றுச்சுவர் ஓரமாக நாலு வேப்பங்கன்று வைத்தார் அவர். இலை தூசியைக் கொஞ்சம் பிடிக்கும், நிழல் தரும். சத்தத்தை ஒற்றை வரிசை மரம் ஒன்றும் செய்யாது. ரோடு கண்ணில் படாததால் மனசுக்குக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சத்தத்தை மறிக்கவேண்டுமென்றால் ரோட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இடைவெளியில்லாத சுவர் நிற்கவேண்டும். நிமிர்ந்து பார்த்தால் லாரி தெரியக்கூடாது, அந்த உயரம். இதை ஒரு அலுவலகத்தில் கேட்டபோது, "அதெல்லாம் வெளிநாட்டுல மேடம்" என்றார்கள். வெளிநாடெல்லாம் வேண்டாம். நாக்பூரிலிருந்து வடக்கே போகிற தேசிய நெடுஞ்சாலை 44-ல், பெஞ்ச் என்கிற புலிக்காட்டு வழியாகப் போகிற பகுதியில், மிருகங்கள் கீழே நடந்துபோகப் பாலம் கட்டி, சத்தமும் வெளிச்சமும் தெரியாமல் தடுப்பும் வைத்திருக்கிறார்கள். புலிகளுக்காக. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். சில ராத்திரி மட்டும் புலியாகப் பிறந்திருக்கலாமே என்று தோன்றும்.

இப்போது புகார்க் கதை. புகார் எடுப்பவர் குரலிலேயே அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரிந்துவிடும், அத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். "பார்க்கிறோம்" என்பதில் நாலு வகை உண்டு. முதல் இரண்டு வருஷம் எனக்குக் கிடைத்தது நாலாவது வகை, பார்க்கவே மாட்டார்கள் என்கிற வகை. ரோடு ஒருவருடையது, சத்தம் இன்னொருவருடையது, புகை மூன்றாமவருடையது, ஹாரன் போலீஸுடையது. விதியில், வரம்பைவிடப் பத்து டெசிபல் தாண்டினால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. கொடுத்தேன். "பைபாஸை மூடச் சொல்றீங்களா?" என்று கேட்டார் ஒருவர். கிண்டல் இல்லை, உண்மையாகவே என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. காற்றுக்கு எழுதியபோது தரக்குறியீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கான கருவி இருப்பது அரும்பாக்கத்தில், ஆலந்தூரில், வேளச்சேரியில், மணலியில். போன் செயலி எங்கள் இடத்துக்கு எங்கேயோ இருக்கிற எண்ணைக் காட்டுகிறது. பச்சை, நல்ல காற்று என்று அது சொன்ன ஒருநாள் நான் கையில் கறுப்புத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. 198-ல் உட்கார்ந்திருந்த காலத்தில், "லைன் சரியில்ல" என்று வரும் புகாரை வைத்துக்கொண்டு லைன்மேன் என்ன செய்வார்? தெரு முக்குக் கம்பத்தில், மூன்றாவது கம்பி, மழை பெய்தால் கரகரக்கிறது என்று எழுதிக்கொடுத்தால்தான் ஏணியை எடுப்பார். நான் என்ன எழுதியிருந்தேன்? 'சத்தம் தாங்க முடியவில்லை.'

ஒரு நோட்டு போட்டேன். நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. தேதி, மணி, எந்தப் பக்கம் போகிற வண்டி, என்ன சத்தம். காலையில் வீட்டுக்காரரை ஸ்கூட்டரில் சர்வீஸ் ரோட்டுக்குக் கூட்டிப்போய், பாலத்தை ஒட்டி ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவருக்குக் காது இல்லை, கண் உண்டு, இரும்பு வேலை தெரியும். திரும்பி வந்து, "ஜாயின்ட்டு ரப்பர் பிய்ஞ்சு போச்சு. ஓரத்து இரும்பு ஒரு இஞ்ச் தூக்கிட்டு நிக்குது. போல்ட் ரெண்டு இல்ல" என்றார். எழுதினேன்: கூவம் பாலம், வடக்கு முனை, புழல் பக்கம் போகும் வழி, இடது லேன், ஜாயின்ட் இரும்பு ஒரு அங்குலம் தூக்கியிருக்கிறது, இரண்டு போல்ட் இல்லை, டயருக்கு ஆபத்து. கடைசி இரண்டு சொல்தான் முக்கியம் என்று என் அனுபவம் சொன்னது. சத்தத்துக்கு ஆள் வரமாட்டார்கள், டயருக்கு வருவார்கள்.

மூன்றாவது வாரம் இரண்டு பேர் வந்தார்கள், பகல் பதினொன்றுக்கு. மோர் கொடுத்தேன். மூத்தவர் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, "பைபாஸ் பக்கத்துல வீடுன்னா இவ்ளோ இருக்கத்தாம்மா செய்யும், பழகிடும்" என்றார். ராத்திரி இரண்டரைக்கு வாங்க, காபி போட்டுத் தருகிறேன் என்றேன். சிரித்தார்கள். சின்னவர் மட்டும் நோட்டை வாங்கிப் புரட்டினார். "இதெல்லாம் நீங்களே முழிச்சிருந்து எழுதினதா ஆன்ட்டி?" என்றார். ஆமாம் என்றேன். நாலைந்து பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டு வண்டி வந்து நின்றது. லேனை மறித்துக் கூம்பு வைத்தார்கள். ஜாக்ஹாமரால் உடைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு ராத்திரி. பைபாஸ் வந்த நாளிலிருந்து அத்தனை சத்தம் கேட்டதில்லை, போன் 80-க்குமேல் காட்டியது. நான் போர்த்திக்கொண்டு விடியும்வரை அசையாமல் தூங்கினேன். எதிர்வீட்டு அக்கா காலையில் வந்து, "என்னா சத்தம்டி ராத்திரி, தூங்கவே முடியல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு 'தடக் தடக்' இல்லை. டிரெய்லர் தாண்டும், சங்கிலி ஆடும், ஆனால் ஆரம்பத்தில் வருகிற அந்த அடி இல்லை, 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டு போய்விடும். செயலியின் சராசரியில் ஒன்றோ ஒன்றரையோதான் குறைந்தது. தூக்கத்தில் அதற்குமேலே கிடைத்தது. சீரான இரைச்சலோடு எப்படியோ ஒப்பேற்றிவிடலாம், திடீரென்று விழுகிற அடியோடு முடியாது. அவருக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. "என்ன, அதே ரோடுதானே" என்றார், நெபுலைசரை மூக்கில் மாட்டிக்கொண்டே. அவர் பங்குக்கு இன்னும் நான் ஒன்றும் வாங்கித் தரவில்லை. கரிக்கு எந்தப் போல்ட் இல்லை என்று எழுதுவது? ஆடி வருவதற்குள் மேற்கு அறைக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கலாம் என்கிறான் மகன். அந்த அறையில் இப்போது துணிதான் படுத்திருக்கிறது, கிழக்கு அறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படியில் விளக்கைப் போடாமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு வண்டி வருவது கேட்டது, காலி டிரெய்லர் என்று சங்கிலியிலேயே தெரிந்தது. பாலம் ஏறியது. 'டிக்' என்று ஒன்று. ரொம்பச் சின்னது, நகம் கிளாஸில் பட்ட மாதிரி. அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தேன். மறுபடி 'டிக்'.

நோட்டைத் தேடி எடுத்தேன், மளிகைக் கணக்குக்கு அடியில் கிடந்தது. நடுவில் ஒரு பக்கம் விட்டுப் புதுப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன்: 2.17. காலி டிரெய்லர். புழல் பக்கம், இடது லேன். ஜாயின்ட், லேசாக.